பராமரிப்பவர் யாருமில்லை

செயற்கைப் புல் நல்லதா, நிஜப் புல் நல்லதா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் இரண்டு பக்கமும் நானே பேசுவேன். எங்கள் தோட்டத்துத் திடலுக்குச் செயற்கைப் புல் வேண்டும் என்று மனு எழுதியவன் நான். அது வந்த நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டு திரிகிறவனும் நான்தான்.

தோட்டம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். தோட்டம் இப்போது இல்லை. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது, பிறகு எண்ணெய்க்கான செம்பனை ஆனது, பிறகு பாதி நிலத்தில் இரட்டை மாடி வீடுகள் முளைத்தன. நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வீடுகளை இடித்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. மிஞ்சியது முனியாண்டி கோயிலும் அதை ஒட்டிய பந்துத் திடலும்தான். ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப் போனார்கள். ஆனாலும் தீபாவளிக்கு மறுநாள் காலையில் எல்லோரும் அந்தத் திடலுக்கு வந்துவிடுவார்கள். தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் அன்றைக்குப் பந்து. டிவிஷன் இரண்டும் இல்லாமல் போய் இத்தனை வருஷமாகியும் அந்தப் பகை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

இதை நடத்துகிற சங்கத்துக்கு நான் செயலாளர். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்டோரில் எனக்குக் குமாஸ்தா வேலை, எங்கள் பேச்சில் கிராணி. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை கிராணி என்றால் விண்ணப்பப் பாரம் நிரப்புகிறவன். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், கோயில் திருவிழாவுக்குப் போலீஸ் பெர்மிட், எதுவானாலும் பாரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் வீட்டு கேட்டில் வந்து நிற்பார்கள். "அண்ணே, நீங்க போட்டா கரெக்டா இருக்கும் லா" என்பார்கள். நான் சலித்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். பேனாவைக்கூட நான் என்னுடையதைத்தான் எடுப்பேன்.

எனக்கு ஓர் அண்ணன் உண்டு. ஏழு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கூடப் பிறந்தவர் என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். கையுறைத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ் ஓட்டுகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னார். கேட்டவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

லயம் இடிபட்ட வருஷம் தோட்டத்து நிர்வாகமும் போய்விட்டது. திடலில் புல் வெட்ட ஆள் இல்லை. ஆறு மாதத்தில் புல் இடுப்பளவு வந்துவிட்டது. கோல் கம்பத்தின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. எங்கிருந்தோ மாடுகள் வந்தன. அண்ணன் முதுகில் மாட்டிக்கொள்கிற புல் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கினார். வாங்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். வெயில் ஏறுவதற்குள் பாதித் திடலை வெட்டுவார். அடுத்த சனிக்கிழமை மறுபாதி. அதற்குள் முதல் பாதி வளர்ந்திருக்கும். இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடியது. புல் முடிந்தது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் அது முடியவில்லை.

வெட்டியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். திடலிலிருந்து பத்து நிமிஷம்தான். பின்பக்கக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, கொண்டுவந்த சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்காருவார். சனிக்கிழமை என்றால் என் மனைவி ஆட்டிறைச்சிப் பிரட்டலும் ரசமும் வைப்பாள். நாங்கள் அதிகம் பேச மாட்டோம்.

"கீழ கோல்கிட்ட மொட்டையா போச்சுடா."

"அப்படியாண்ணே."

"மழ பேஞ்சா வந்துரும்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். என் மனைவி எத்தனை சொல்லியும் தட்டை அவள் கையில் கொடுத்ததில்லை. வாரத்தில் அண்ணனை நான் பார்ப்பது அந்த ஒரு வேளைதான். அது எனக்குப் பெரிய விஷயமாக அப்போது தோன்றவில்லை. சனிக்கிழமை வந்தால் அண்ணன் வருவார், அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. அதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வரிசையாக மூன்று வருஷம் திடல் குளமாகிவிட்டது. முதல் வருஷம் ஆடினோம். பந்து தண்ணீரில் மிதந்தது. மேல் டிவிஷன் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, சேற்றில் வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தைத் தாண்டி, கோலையும் தாண்டி, கால்வாய்க்குப் பக்கத்தில் நின்றார். இரண்டாம் வருஷம் பாதியில் நிறுத்தினோம். மூன்றாம் வருஷம் ஆடவே இல்லை. ஜொகூரிலிருந்து ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள் கோயில் கொட்டகையில் உட்கார்ந்து மீகூன் சாப்பிட்டுவிட்டு, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைக்குத்தான் பேச்சு கிளம்பியது.

மேல் டிவிஷன் கேப்டன் ஈப்போவில் டயர் கடை வைத்திருப்பவர். என்னுடைய வயதுதான், தொப்பை மட்டும் மூத்தது. அவர் எழுந்து நின்றார்.

"மச்சான், ஈப்போவுல எல்லாரும் பிளாஸ்டிக் புல்லுக்கு போயிட்டான். மழ பேஞ்சு பத்து நிமிஷத்துல ஆடலாம். நாம மட்டும் இன்னும் எருமமாடு மாதிரி சேத்துல கெடக்கறோம்."

கீழ் டிவிஷன் கோல்கீப்பர் விடவில்லை. "பிளாஸ்டிக்ல விழுந்து பாத்திருக்கியா? முட்டி தோலு உரிஞ்சிரும் லா. பன்னெண்டு மணி வெயில்ல கால வச்சா ரொட்டி சானாய் சுடலாம்."

"நீ எப்ப விழுந்த? இருவது வருஷமா நின்ன எடத்துலயேதான நிக்கற!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யாரோ ஒருவர், எங்கள் தொகுதி ஒய்.பி.யிடம், அதாவது சட்டமன்ற உறுப்பினரிடம், இதற்கு ஒதுக்கீடு இருக்கிறது, மனுப் போட்டால் கிடைக்கும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேப்டன், ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கேட்டார். "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழையில ஆட முடியலதான்" என்றார். "போட்டா நல்லாதான் இருக்கும்."

அதைச் சம்மதம் என்று நான் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். வேறென்ன சொல்வார் அந்த மனிதர்? நாற்பது பேர் முன்னால் நின்று என் புல்லை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவாரா? அவர் முகத்தை நான் பார்க்கவில்லை என்று இங்கே எழுதிவிட ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

பாரம் நான்கு பக்கம். மலாயில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து என் காப்பியையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். திடலின் நீளம், அகலம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம். தற்போது திடலைப் பராமரிப்பவர் யார்?

நான் அண்ணன் பெயரை எழுதினேன். அப்பா பெயரோடு சேர்த்து, அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுசாக எழுதினேன்.

கேப்டன் எட்டிப் பார்த்தார். "அடப்பாவி, என்ன எழுதியிருக்க? அழி, அழி."

"ஏன்? அண்ணந்தானே வெட்றாரு?"

"ஆளு இருக்குன்னு போட்டா, திடலு நல்லாத்தான் இருக்கு, இவனுக்கு எதுக்கு பிளாஸ்டிக்குன்னு வேற தோட்டத்துக்குக் குடுத்துருவான் லா. இல்லன்னு போடு. ஒரு வார்த்தைதான? அண்ணனா வந்து படிக்கப் போறாரு?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் இருந்தது. அவர் மேல் பழியைப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. அலமாரியிலிருந்து வெள்ளை மை எடுத்துவந்து அண்ணன் பெயர் மேல் பூசினேன். பெயர் நீளமானது, இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது. காயட்டும் என்று வாயால் ஊதினேன். காய்ந்த பிறகு அதன் மேல் "தியாடா" என்று எழுதினேன். மலாயில் இல்லை என்று அர்த்தம். எழுத்து நன்றாக விழுந்தது.

பாரம் போன வேகத்தில் ஒதுக்கீடு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் என்னைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மழை ஓய்ந்த ஒரு மாதத்தில் மண்வாரி இயந்திரம் வந்து புல்லை மண்ணோடு வழித்துக் குவித்தது. இருபத்தாறு வருஷப் புல்லை வழிக்க ஒரு நாளும் அடுத்த நாள் காலையும் ஆயிற்று. அடியில் குழாய் பதித்தார்கள், கல்லைக் கொட்டி அமுக்கினார்கள், பச்சைப் பாயைச் சுருள் சுருளாக விரித்து ஒட்டினார்கள். வந்த பாய் முழுத் திடலுக்குப் போதவில்லை. ஏழு பேர் ஆடுகிற அளவுக்குத்தான் வந்தது. எங்கள் முட்டிகளின் நிலைமைக்கு அதுவே அதிகம். மிச்ச இடத்தில் கார் நிறுத்தக் கல் கொட்டிவிட்டு, சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். ஒரு மாடு வந்தது. வேலி போடுவதற்கு முன்னால் உள்ளே போய்ப் பாயை முகர்ந்து பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய்விட்டது. அந்த மாடு அதற்குப் பிறகு வரவில்லை.

கடைசியாக, பாய்க்கு மேல் மூட்டை மூட்டையாகக் கறுப்புத் தூளைக் கொட்டிப் பரப்பினார்கள். பழைய டயரை அரைத்த ரப்பர் தூள். எங்கள் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய மண்ணுக்கு ரப்பர் இந்த வேஷத்தில் திரும்பி வந்தது. ஒரு ஆட்டம் ஆடினால் காலுறையில் ஒரு கைப்பிடி வீட்டுக்கு வருகிறது. வாஷிங் மெஷினைத் திறந்தால் அதில், படுக்கையை உதறினால் அதில். ஒரு நாள் சாம்பாரிலும் இருந்தது. அது கடுகு என்று மனைவி சாதித்தாள். கடித்தவன் நான்.

பாய் விரித்து முடித்த முதல் சனிக்கிழமை அண்ணன் வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்திருக்கிறார். மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே, கால்வாய் ஓரமாக இருந்த ஒரு முழ அகலப் புல்லை வெட்டியிருக்கிறார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எட்டு மணிக்கு முன்னாலேயே எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மனைவி அப்போதுதான் இறைச்சியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் ஹாலில் உட்கார்ந்து, பன்னிரண்டு மணி வரைக்கும் டி.வி.யில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்தார். சட்டை நனையவில்லை, மாற்ற வேண்டிய வேலையும் இல்லை. சாப்பிடும்போது இரண்டாம் தடவை சோறு போடப் போன என் மனைவியின் கையைத் தடுத்தார்.

"போதும்மா. வேல ஒண்ணும் செய்யல."

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸைச் சர்வீசுக்கு விட வேண்டும் என்று போன் செய்தார். அதற்கடுத்த சனிக்கிழமை லேசாகக் காய்ச்சல் என்றார். அதற்குப் பிறகு போனும் இல்லை. மனைவி இரண்டு மாதம் வரைக்கும் சனிக்கிழமைகளில் மூன்று தட்டு எடுத்து வைத்தாள், பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

"உங்க அண்ணனுக்கு என்னங்க கோவம்? போய்க் கேளுங்களேன்."

"அவருக்கு என்ன கோவம்? பஸ்ஸு வேலையா இருப்பாரு."

நான் போகவில்லை. பாரத்தில் எழுதியது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு பயம். தெரிய வழியில்லை என்று ஒரு தைரியம். போனால் தெரிந்துவிடும், போகாவிட்டால் தெரியாது. இப்படியே தீபாவளி வந்துவிட்டது.

அந்த வருஷம் மறுநாள் ஆட்டத்துக்கு ஒய்.பி.யே வந்து திடலைத் திறந்துவைத்தார். கூடாரம், நாற்காலி, மைக் எல்லாம் இருந்தன. அண்ணனும் வந்திருந்தார். ஆட்டத்துக்கு அவர் வராமல் இருந்ததில்லை. வேலிக்குப் பக்கத்தில் நின்றார். நான் தூரத்திலிருந்து கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார்.

ஒய்.பி. மலாயில் பேசுவார், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் மலாய் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. ஒய்.பி. நகைச்சுவை சொன்னால் முதலில் ஒரு தடவை சிரிப்பார்கள், நான் தமிழில் சொன்னதும் மரியாதைக்கு இன்னொரு தடவை சிரிப்பார்கள். ஆனாலும் மொழிபெயர்ப்பு இருந்தால்தான் விழா. அவர் நல்ல மனிதர். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதைப் பார்த்தபடி, இந்தத் திடல் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாமல் கிடந்தது, உங்கள் மனுவைப் படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, நான் பேசுவதற்காக நிறுத்தினார்.

கூட்டமே மலாயில் கேட்டுவிட்டது. அண்ணனும் கேட்டுவிட்டார். அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அல்லது, இல்லை ஐயா, ஆள் இருந்தார், அதோ நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் நான் யோசித்தது சாயங்காலம் வீட்டில் குளிக்கும்போதுதான். மைக்கில் நான் சொன்னது இது: "பல்லாண்டுகளாகப் பராமரிப்பார் எவருமின்றிக் கிடந்த இத்திடல்." அழகான தமிழ். கேப்டன் கைதட்டினார். சீ என்று இருந்தது எனக்கு.

பேச்சு முடிந்து ஆட்டம் தொடங்க வேண்டும். எங்கள் வழக்கம், பந்தை உதைக்கும் முன் நடுப்புள்ளியில் முனியாண்டியை நினைத்துச் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி நான்கு பக்கமும் வீச வேண்டும். எப்போதும் அண்ணன்தான் செய்வார். "அண்ணே, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குனிந்தார். வெள்ளைப் புள்ளியில் நான்கு சூடத்தை வைத்தார், பற்றவைத்தார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நாற்பது பேர் இருந்தோம். அதில் ஒருவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவர். தரை பிளாஸ்டிக் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதலில் நாற்றம் வந்தது. கண்ணைத் திறந்தால் கறுப்புப் புகை. பாய் உருகிக் குழிந்து, சூடம் அதற்குள் இறங்கி, ரப்பர் தூளும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. "ஐயையோ, தண்ணி, தண்ணி!" என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். தீயணைப்புக்காரர் தன் போத்தலிலிருந்த ஐஸ் மைலோவை ஊற்றி அணைத்தார். நடுப்புள்ளி இருந்த இடத்தில் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு வட்டம்.

பாய் போட்ட குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர், ஒரு சீனர், தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "சியாப்பா ஜாகா சினி?" என்று கத்தினார். இங்கே யார் பார்த்துக்கொள்கிறவர் என்று கேட்கிறார். பழக்க தோஷத்தில் நாற்பது பேரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாருமில்லை, முதலாளி, என்று அவருக்கு மலாயில் அமைதியாகச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்பதான மைக்குல சொன்னாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒய்.பி.க்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டத்துக்கு நிற்காமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. நாங்கள் ஆடினோம், எங்கள் கீழ் டிவிஷன் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. இரண்டாவது கோல் என் காலில் பட்டுப் போனது. விழுந்து முட்டி உரிந்ததும் நான்தான்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை மை பூசியதையும் சொன்னேன். முட்டிக்கு மஞ்சள் மருந்து போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"கூடப் பொறந்தவரு பேர அழிச்சீங்களா?"

"பாரத்துலதான் அழிச்சேன்."

"நல்லா இருக்குங்க" என்றாள். மீதி மருந்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை போனேன். அண்ணன் வீடு லாஹாட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது, வரிசையாக ஒட்டிக் கட்டிய மலிவு விலை வீடு. இருபத்தாறு வருஷத்தில் நான் அங்கே போனது ஏழெட்டுத் தடவை இருக்கும். போனதெல்லாம் ஏதாவது ஒரு காரியமாக. பதினொன்றரை மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கைலியோடு வந்து திறந்தார்.

"என்னடா, பாரத்துல கையெழுத்து போடணுமா?"

"இல்லண்ணே. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது. பேசக் கீழ் கோலும் இல்லை, மொட்டையும் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, ஆளு இல்லன்னு அந்த பாரத்துல எழுதுனது நாந்தான்."

"தெரியும்டா. நம்ம ஆளுங்கள்ல பாரம் எழுதுறது வேற யாரு?"

"முதல்ல உங்க பேரத்தான் எழுதுனேன். அப்பறம் வெள்ள மைய பூசி அழிச்சிட்டேன்."

இது அவருக்குத் தெரியாத விஷயம்.

"பேர எழுதுனியா?"

"எழுதுனேண்ணே."

"முழுசாவா?"

"அப்பா பேரோட எழுதுனேன்."

தலையை ஆட்டினார். அதை மனத்தில் எங்கோ ஓரிடத்தில் வைப்பவர்போல மறுபடியும் ஒரு தடவை ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அந்தக் கோவத்துலதான வீட்டுக்கு வரதில்ல?"

"கோவம்லாம் ஒண்ணும் இல்லடா. மைக்குல கேட்டப்ப கொஞ்சம் இருந்துச்சு. சொல்லிட்டேன், போயிருச்சு." கைலியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் வராம போனது அதுக்கு முன்னாடியே இல்ல? புல்லு இல்லடா. சும்மா வந்து உக்காந்து எப்படிடா சாப்பிடறது?"

எனக்குச் சுரீர் என்று ஏறியது. "என்னண்ணே பேசறீங்க? தம்பி வீட்டுல சோறு திங்க நீங்க வேல செஞ்சிட்டு வரணுமா? புல்லு வெட்டுனதுக்கா இருவத்தாறு வருஷமா அவ ஆக்கிப் போட்டா?"

"அவ எதுக்குப் போட்டான்னு எனக்குத் தெரியும். நல்ல பொண்ணு. எனக்கு அப்படியே பழகிருச்சு. வெட்டிட்டு வந்தா உக்காரத் தோணும். வெட்டாம வந்தா அடுத்தவன் வீடு மாதிரி இருக்கு."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயசில், மருந்து போட்ட முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அண்ணன் எனக்கு வேண்டும், அவர் வருவதற்கு இருந்த வழியை வழித்து அள்ளியவனும் நான்தான். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிற ஆளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. சின்ன வயசிலும் தெரியாது.

"சாப்பிட்டியா?" என்றார் கடைசியில்.

"இல்ல."

எழுந்து உள்ளே போனார். ஒருவருக்கு ஆக்கிய சோறு, டின் மீன் சம்பல், பொரித்த அப்பளம் இரண்டு. வீட்டில் தட்டு ஒன்றுதான் இருந்தது. அதில் எனக்குப் போட்டுவிட்டு, மீதியை அவர் சோற்றுச் சட்டியிலேயே வைத்துச் சாப்பிட்டார். சம்பல் உறைப்பு அதிகம். அதனால் நான் மூக்கை உறிஞ்சுவது வெளியே தெரியவில்லை. முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தேன்.

"வை. நான் கழுவிக்கறேன்."

வைத்துவிட்டேன். கை மட்டும் கழுவிக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் தட்டையும் சட்டியையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அடுத்த சனிக்கெழம வீட்டுக்கு வாங்க."

என்னைப் பார்த்தார். என் முன்னால் இருந்த வெறும் மேசையைப் பார்த்தார்.

"நீ இன்னைக்கு இங்க ஒரு வேலயும் செய்யல இல்ல?"

"செய்யலண்ணே."

"சும்மாதான சாப்பிட்ட?"

"சும்மாதான் சாப்பிட்டேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப வாரேன்" என்றார்.